இளங்கோவன் செய்யாத குறும்பு

லிங்கராஜபுரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப்பேருக்கு இளங்கோவனைத் தெரியும். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வண்டி கிளம்புவதற்கு முன்பே அவன் வலது கால் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். தூரத்தில் ஒரு நாய் கொட்டாவி விட்டால் போதும், கார் நின்றுவிடும். அவனிடம் படித்தவர்கள் நான்காவது கியர் என்று ஒன்று இருப்பதைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். லைசன்ஸ் மட்டும் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. நிறுத்தத் தெரிந்தவனுக்கு ஓட்டத் தெரியும் என்று நினைப்பது அதிகாரிகளின் பழக்கம்.

மற்ற விஷயங்களிலும் அவன் அப்படித்தான். பஸ் முழுதாக நின்ற பிறகே எழுந்திருப்பான். பெங்களூரில் எந்த பஸ்ஸும் முழுதாக நிற்பதில்லை என்பதால் அடிக்கடி அடுத்த ஸ்டாப்பிலிருந்து திரும்பி நடப்பான். வீட்டுக்கார எலிசபெத் ஆன்ட்டி, "எளங்கோ, ரேடியோ கொஞ்சம் சின்னதா வெச்சுக்கோப்பா" என்று ஒரு தடவை சொன்னார். அன்றிலிருந்து ரேடியோவே வைப்பதில்லை. அவனை மாதிரி ஒரு குடித்தனக்காரன் கிடைக்கப் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று ஆன்ட்டி சர்ச்சில் எல்லோரிடமும் சொல்வார்.

அதே இளங்கோவன் ஆனேக்கல் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிற கோணசந்திரத்தில் போய் இறங்கினால் வேறு ஆள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். "வந்துட்டான்டா, எல்லம்மாவுக்கே டிமிக்கி குடுத்தவன்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பிறகு கதை முழுவதும் ஒரு முறை சொல்லப்படும், அதைக் கேட்காதவர் அந்தக் கடையில் ஒருவரும் இல்லை என்றாலும். இளங்கோவன் தலையைக் குனிந்துகொண்டு டீ குடிப்பான். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது அடக்கமில்லை. அந்தக் குறும்பைச் செய்தது அவனில்லை.

நடந்தது தொண்ணூற்றொன்றில். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது, தங்கை தனலக்ஷ்மிக்குப் பதினொன்று. கோணசந்திரத்தில் எல்லம்மாவுக்குக் கிடா வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கிடாவின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பை உதறிச் சிலிர்த்தால் அம்மன் ஒப்புக்கொண்டாள் என்று பொருள். அதைத் துளுக்குவது என்பார்கள். துளுக்காத கிடாவை வெட்டக் கூடாது. இதுவரை எந்தக் கிடாவும் துளுக்காமல் இருந்ததில்லை. சில்லென்ற தண்ணீர் முதுகில் விழுந்தால் ஆடு உதறத்தான் செய்யும் என்று யோசிக்க, பக்தியில்லாத மனம் வேண்டும். ஊரில் அப்படி ஒரே ஒரு மனம்தான் இருந்தது. அது தனலக்ஷ்மியிடம் இருந்தது.

அந்த வருஷம் கிடா அவர்கள் வீட்டு முறை. கரியன் என்று பேர் வைத்து அதை மேய்த்துக்கொண்டிருந்தவள் அவள். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வேலையை ஆரம்பித்தாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பம்ப்செட் தொட்டிக்கு ஓட்டிப் போய்க் குழாய்க்கு அடியில் நிறுத்துவாள். உதறினால் ஒன்றும் கிடையாது. உதறாமல் நின்றால் ஒரு துண்டு வெல்லம். ஆடு முட்டாள் என்பது ஆட்டை வெட்டுகிறவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி. பத்துப் பதினைந்து நாளில் கரியன் கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் கோயில் நந்தி சிலை மாதிரி அசையாமல் நின்று வாயை மட்டும் திறந்து வைத்திருந்தது.

இளங்கோவன் இதில் செய்தது ஒன்றுதான். அழுதான். "வாணாம் தனம், சாமி கண்ணக் குத்திடும்" என்று தொட்டிக்கரையில் உட்கார்ந்து தினமும் அழுதான். திருவிழாவன்று கூட்டத்தில் நின்றுகொண்டு, கரியன் துளுக்க வேண்டும் தாயே என்று எல்லம்மாவை வேண்டிக்கொண்டவனும் ஊரில் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லாததால் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

கரியன் துளுக்கவில்லை. ஒரு சொம்பு ஊற்றினார்கள். ஒரு குடம் ஊற்றினார்கள். கரியன் வாயைத் திறந்துகொண்டு பூசாரி கிருஷ்ணப்பாவையே பார்த்தது. மேளம் நின்றது. "தாயி ஒப்பலில்லா, ஒத்துக்கல" என்றார் கிருஷ்ணப்பா. "ஊர்ல யாரோ மனசுல வன்மம் வெச்சுக்கினு இருக்காங்க. அத எறக்கி வெக்காம அவ வாங்க மாட்டா."

எல்லோரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். இளங்கோவனின் அப்பா சண்முகமும் அவருடைய அண்ணன் ஞானசேகரனும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. பொதுக் கிணறு, பொது மோட்டார். மோட்டார் அறைக் கதவுக்கு ஆளுக்கொரு பூட்டு. இரண்டையும் திறந்தால்தான் யாருக்கும் தண்ணீர். அதனால் ஊரிலேயே மிகவும் ஒற்றுமையாகக் காலையில் ஒரே நேரத்துக்கு வந்து சேர்கிறவர்கள் அவர்கள்தான். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சண்முகம் மாட்டைப் பார்த்துச் சொல்வார். ஞானசேகரன் எதிரே இருக்கிற தென்னை மரத்திடம் பதில் சொல்வார்.

ஊரே பிடித்துத் தள்ளியதில் அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்ட பிறகு இருவருக்குமே அழுகை வந்துவிட்டது. ஒரு பூட்டு அன்றைக்கே கழற்றப்பட்டது. மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். கரியன் அப்போதும் துளுக்கவில்லை. அதற்குப் பிறகு பால்காரர் பாலைப் பற்றியும், வேலியை நகர்த்தியவர் வேலியைப் பற்றியும் வாய் திறந்தார்கள். கோணசந்திரம் அன்றைக்குப் போல அதற்கு முன்னும் பின்னும் சுத்தமாக இருந்ததில்லை. கடைசியில், அம்மன் இந்தக் கிடாவைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள் என்று முடிவு செய்து அவிழ்த்துவிட்டார்கள். அம்மன் கிடாவை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. கரியன் அடுத்த சில வருஷங்கள் எல்லோருடைய பீன்ஸையும் சாமந்தியையும் சாதி வித்தியாசம் பார்க்காமல் தின்று, வயதாகிச் செத்தது. கோணசந்திரத்து ஆடுகளுக்கு அது வழக்கமான சாவு அல்ல.

திருவிழா முடிந்த மறுவாரம் சண்முகம் பம்ப்செட் பக்கம் போனார். அம்மனின் கிடா தானாக வந்து குழாய்க்கு அடியில் வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்தார். பக்கத்தில் இளங்கோவன் நின்றான். தனலக்ஷ்மி ஆமணக்குச் செடிக்குப் பின்னால் இருந்தாள். வாய் நிறைய வெல்லம் இருந்ததால் அவளால் ஒன்றும் பேச முடியவில்லை என்று பிற்காலத்தில் சொன்னாள். "நானில்லப்பா" என்றான் இளங்கோவன். "பின்ன யாரு, உன் தங்கச்சியா? பொட்டப்புள்ள மேல பழி போடறியாடா?" என்று சண்முகம் புளிய விளாரை ஒடித்தார். பழி போட்டதற்குத் தனியாக விழுந்தது.

ஆனால் விஷயம் வெளியே தெரிந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. கட்டிக்கொண்ட அண்ணன் தம்பியால் மறுபடி பிரிய முடியவில்லை. இரண்டாவது பூட்டை மாட்டினால் ஊர் சிரிக்கும். அதனால் அம்மன் கோபித்தாள் என்பதையும் ஊர் நம்பியது, இளங்கோவன் ஏமாற்றினான் என்பதையும் நம்பியது. கோயிலில் முன்னதைச் சொல்வார்கள், டீக்கடையில் பின்னதை. இரண்டும் ஒரே வாயில் இருந்தும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளவில்லை.

அந்தப் பேர் இளங்கோவனை விடவில்லை. படிப்பு முடிந்ததும், "பையன் பெரிய கில்லாடிங்க" என்று சொல்லியே ஞானசேகரன் அவனை சிட்டி மார்க்கெட் பக்கத்தில் குக்கர் விற்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டார். இளங்கோவன் வீடு வீடாகப் போய், கதவைத் தட்டினால் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்களே என்று தட்டாமலே திரும்பிவந்தான். பெண் பார்க்கப் போன இடங்களிலும் கதை முந்திக்கொண்டு போனது. "சாமியவே ஏமாத்தினவன் பொண்டாட்டிய ஏமாத்த மாட்டானா?" என்று யாரோ கேட்டதில் இரண்டு இடம் கலைந்தது. எறும்பைக்கூட மிதிக்காதவன் போக்கிரிப் பட்டத்தால் கல்யாணம் ஆகாமல் கிடந்தான். இருந்தாலும், உண்மையைச் சொல்லி அந்தப் பேரை இறக்கி வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. வேறு என்ன பேர் இருக்கிறது அவனுக்கு?

குறிப்பாக, தனலக்ஷ்மியின் மகள் தர்ஷினியிடம். ஐந்து வயது. அம்மா அப்பாவோடு சந்தாபுரத்தில் இருந்தாள். மாமா வந்தால் மற்ற எந்தக் கதையும் வேண்டாம், கரியன் கதைதான். அவன் சொல்லச் சொல்ல அவள் கண் விரிவதைப் பார்த்தபோதெல்லாம், அடுத்த முறை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வான். அடுத்த முறை கதையில் தண்ணீர்க் குடம் இன்னும் ஒன்று கூடியிருக்கும்.

இரண்டாயிரத்து ஏழில் தர்ஷினிக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். எல்லம்மா திருவிழாவோடு, கோணசந்திரத்தில். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தோடு, பட்டுப் பாவாடை, கிடா மூன்றும் மாமன் சீர். கிடாவை ஒரு வாரம் முன்பே வாங்கி அப்பா வீட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டான். லீவுக்குத் தர்ஷினியும் ஒரு வாரம் முன்பே அங்கே வந்துவிட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம் இளங்கோவன் வந்து சேர்ந்தபோது தர்ஷினி வாசலுக்கே ஓடிவந்தாள்.

"மாமா, பிங்கிய பாத்தியா?"

"யாரு பிங்கி?"

"நம்ம ஆடு."

"அது கிடா பாப்பா. ஆம்பள."

"ஆம்பளைக்கு பிங்கின்னு பேரு வெக்கக் கூடாதா?" அதைத் தள்ளிவிட்டு அவள் முக்கியமான விஷயத்துக்கு வந்தாள். "நாளைக்கு அத வெட்டறாங்களாம். தாத்தா சொன்னாரு. நீ அப்போ பண்ண மாதிரி பண்ணிடு மாமா."

இளங்கோவன் பையைக் கீழே வைத்தான். "அதெல்லாம் சின்ன வயசுல பாப்பா."

"இப்போ பெருசாயிட்டியே. இன்னும் ஈசியா வருமில்ல?"

உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்த தனலக்ஷ்மி தலையைத் தூக்காமல் சிரித்தாள்.

"முடியாதுன்னா சொல்லிடு" என்றாள் தர்ஷினி. "நான் தொட்டப்பா மடியில உக்காந்துக்கறேன்."

தொட்டப்பா என்பது அவள் அப்பாவின் அண்ணன். தாய்மாமன் உயிரோடு நிற்கும்போது பிள்ளை வேறு மடியில் காது குத்திக்கொள்வது என்றால், அதற்குப் பிறகு அந்த மாமன் அந்த ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏற முடியாது. ஆனால் அது அவனுக்கு அப்போது தோன்றவில்லை. அவள் சொன்னபோது முகம் சுளிக்காமல், கடையில் வேறு மிட்டாய் வாங்கிக்கொள்கிறேன் என்பது போலச் சொன்னாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

தனலக்ஷ்மி துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போனபோது பின்னாலேயே போனான்.

"தனம், அப்போ எப்டிடீ பண்ணே?"

"இன்னாண்ணா என்னக் கேக்கறே? நீ பண்ணதாச்சே. ஊரே சொல்லுது."

"வெளாடாத. கொழந்த கேக்குது."

தனலக்ஷ்மி பொம்மசந்திரத்தில் ஒரு துணி ஃபேக்டரியில் சூப்பர்வைசர். புதிதாகச் சேர்கிற பெண்களுக்குத் தைக்கப் பழக்கிவிடுவது அவள் வேலை. "ஒரு மாசம் ஆச்சுண்ணா" என்றாள் தொழில்காரியின் குரலில். "தெனமும் வெல்லம். ஒரே நாள்ல வராது. எங்க ஃபேக்டரிப் பொண்ணுங்களுக்குக் காலர் வெக்கவே மூணு வாரம் ஆவுது, அதுங்க ஆட்ட விட புத்திசாலி."

"வேற வழி இல்லியா?"

"இருக்கு. எம்பொண்ணாண்ட போயி, அப்போ பண்ணது உங்கம்மா, நானில்லன்னு சொல்லு. அப்புறம் நான் யோசிக்கறேன்."

இளங்கோவன் கிணற்றுக்குள் பார்த்தான்.

"சொல்ல மாட்டே" என்றாள் அவள், பாவாடையை ஓங்கி அடித்து. "போன வாரம் அவ எனக்குப் பாடம் எடுக்கறா: நீ மாமா மாதிரி தைரியமா இருக்கணும்மான்னு. ரூம்ல பல்லி இருக்குதுன்னு லிங்கராஜபுரத்துலர்ந்து எனக்கு போன் பண்ணவன் நீ!"

"அடி வாங்கனது நானு."

"வாங்கனதுக்கு எத்தினி வருஷம்ணா வட்டி வசூல் பண்ணுவே?"

உண்மையைச் சொல்வதை விட அவனுக்கு ஆட்டைக் குளிப்பாட்டுவது சுலபம் என்று தோன்றியது.

சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பிங்கியைத் தொட்டிக்கு இழுத்துப்போனான். மோட்டாரைப் போட்டான். குழாய்க்கு அடியில் தள்ளினான். பிங்கி உதறியது. அவன் முகமெல்லாம் தண்ணீர். வெல்லம் கொடுத்தான். தின்றுவிட்டு உதறியது. சொம்பில் மொண்டு மறுபடி ஊற்றினான். மறுபடி உதறியது. கொஞ்ச நேரத்தில் அவன் சொம்பை எடுத்தாலே உதறத் தொடங்கியது. பிறகு யோசித்து, இதற்கெல்லாம் காரணம் யார் என்று கண்டுபிடித்தது போல, பின்னால் நகர்ந்து ஓடிவந்து அவனை முட்டித் தொட்டிக்குள் தள்ளியது.

எழுந்தபோது கரையில் அப்பா நின்றார்.

"அழுக்கா இருந்துச்சுப்பா" என்றான் இளங்கோவன், இடுப்பளவு தண்ணீரில். "கழுவலாம்னு..."

சண்முகம் ஆட்டைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "முப்பது வயசாவப் போவுது. இன்னும் அந்த புத்தி போவல" என்றார். மீசைக்கு அடியில் உதடு துடித்தது. அது கோபமில்லை. செய்யாத குற்றத்துக்கு விளார் உடையும் வரை அடித்தவர், கையும் களவுமாகப் பிடித்தபோது துண்டை எடுத்து நீட்டினார். பிறகு நேராகத் தன் அண்ணன் வீட்டுக்கு நடந்தார். விளக்கு வைக்கிறதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எளங்கோ மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்.

மறுநாள் கோயில் முன்னால் என்றைக்கும் இல்லாத கூட்டம். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்திருந்தார்கள். காது குத்துகிற பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். தர்ஷினி புதுப் பாவாடையில் மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடியில் முழு நம்பிக்கை இருந்தது. அதனாலேயே அவன் விரல் வலித்தது.

கிருஷ்ணப்பாவுக்கு வயதாகியிருந்தது. மறதி மட்டும் வரவில்லை. குடத்தை அவர் இறக்கி வைத்தபோது வெளிப்பக்கமெல்லாம் வேர்த்திருந்தது. டீக்கடைக்காரரின் ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்து எடுத்த தண்ணீர். அம்மனின் விருப்பத்தை இந்த முறை அவர் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவைக்கவில்லை.

ஆனால் அந்தத் தண்ணீருக்கு வேலையே வரவில்லை. அவர் சொம்பைக் கையில் எடுத்ததும் பிங்கி பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் கொம்பிலிருந்து வால் வரை ஒரு துளுக்குத் துளுக்கியது. தண்ணீர் இன்னும் குடத்தில்தான் இருந்தது.

கூட்டம் ஆவென்று கத்தியது. பெண்கள் குலவையிட்டார்கள். கேட்பதற்கு முன்பே அம்மன் ஒப்புக்கொண்ட அதிசயத்தைச் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டார்கள். மேளம் எழும்பியது. தர்ஷினி விரலை விட்டாள். அவனை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு கூட்டத்தின் அந்தப் பக்கம், தொட்டப்பா நிற்கிற இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"வெட்டாதீங்க" என்றான் இளங்கோவன்.

மேளத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை.

"வெட்டாதீங்கன்னு சொல்றேன்!"

மேளம் நின்றது. தன் குரல் இவ்வளவு பெரியது என்று தெரிந்ததில் எல்லோரையும் விட அதிர்ந்துபோனவன் அவன்தான்.

"ஏனப்பா?" என்றார் கிருஷ்ணப்பா. "தண்ணி ஊத்தறதுக்கு முந்தியே துளுக்கிச்சு. தாயி ஒப்பிகெ கொட்டாயித்து, ஒத்துக்கினா. இன்னும் இன்னா பாக்கி?"

சொல்ல வேறு ஒன்றும் இல்லாததால் இளங்கோவன் உண்மையைச் சொன்னான். "ஆடு மாமன் சீருங்க. கொழந்த மடியில உக்காந்தாதான் சீரு குடுத்த மாதிரி. அவ உக்காரல. உக்காரற வரிக்கும் ஆடு என்து. என் ஆட்ட நான் குடுக்கல."

கூட்டம் இதை யோசித்தது. முறைப்படி பார்த்தால் அதில் ஓட்டை இல்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் சாமி குத்தம் என்று கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்திருப்பார்கள். ஆனால் சொன்னது இளங்கோவன். ஞானசேகரன் பெரியப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பாத்தியா, பாத்தியா! நேத்தே சொன்னேன், இவன் ஏதோ வெச்சிருக்கான்னு! மொதல்ல துளுக்க வெச்சு, அப்புறம் மடக்கறான் பாரு! எப்பேர்ப்பட்ட மூள!"

தனலக்ஷ்மிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"மூளையா? இவனுக்கா? பெரீப்பா, இவனுக்கு ஒண்ணும் தெரியாது! அப்போ கரியன பழக்கினது நானு. வெல்லம் குடுத்துக் குடுத்து கொழாயடியில நிக்க வெச்சது நானு. இவன் கரையில குந்திக்கினு அழுதான். இத்தினி வருஷமா எனக்கு வர வேண்டிய பேர இவன் வாங்கிக்கினு திரியறான்!"

சண்முகம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களாப்பா?" என்றார் கரகரத்த குரலில். "அண்ணன எல்லாரும் சுத்திக்கினு கேக்கறாங்களேன்னு பழிய தம்மேல போட்டுக்கறா. கூடப்பொறப்புன்னா இது."

பெண்கள் பக்கமிருந்து 'உச்' என்று ஒரு சத்தம் அலையாக எழுந்தது. ஃபேக்டரியில் ஒரு முழு ஷிப்டையே அடக்குகிற தனலக்ஷ்மியால் அந்த 'உச்'சை அடக்க முடியவில்லை.

"நெஜந்தாம்பா" என்றான் இளங்கோவன். அவனுக்கே அவளைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. "அவதான் பண்ணா. நான் அழுதேன்."

இதோடு காரியம் முற்றிலும் கெட்டது. அவ இவன விட்டுக்குடுக்க மாட்டா, இவன் அவள விட்டுக்குடுக்க மாட்டான் என்று சொல்லி ஞானசேகரன் தம்பியின் தோளைப் பிடித்தார். இருவரும் பொது இடத்தில் இரண்டாவது முறையாக அழுதார்கள். ஒரு ஊரே சாட்சியாக நிற்க, இரண்டு பேர் சேர்ந்து ஒரே உண்மையைச் சொல்லியும் அது செல்லுபடியாகாமல் போனது.

கிருஷ்ணப்பா அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கிடாவுக்குப் பதிலாகக் குங்குமம் தடவி ஒரு பூசணிக்காயை உடைத்தார். குளிர்ந்த தண்ணீரைத் தானே கொஞ்சம் குடித்துவிட்டு மீதியை மேளக்காரர்களுக்குக் கொடுத்தார். வந்தவர்களுக்குக் கறி இல்லாமல் முடியாது என்பதால் ஆனேக்கல்லுக்கு ஆள் அனுப்பிப் பிராய்லர் கோழிகளைக் கூடை கூடையாகக் கொண்டுவரச் செய்தார்கள். ஒரு ஆட்டின் உயிருக்கு எத்தனை கோழி என்று யாரும் கேட்கவில்லை. கோழிகளுக்குப் பேர் வைக்க நேரம் இருக்கவில்லை.

தர்ஷினி தானாகவே வந்து மாமன் மடியில் ஏறிக்கொண்டாள். பத்தர் இடது காதில் புள்ளி வைத்தார். இளங்கோவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"மாமா, அம்மா சொன்னது நெஜமா?"

அவள் குரல் அவன் தாடைக்கு அடியிலிருந்து வந்தது. தனலக்ஷ்மி தட்டில் மஞ்சளோடு பக்கத்தில்தான் நின்றாள். மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் காது இங்கேதான் இருந்தது. கூட்டம் கொடுத்த கதை கைவசம் இருந்தது. உங்கம்மா சும்மா சொல்றா பாப்பா என்று சொன்னால் போதும், ஊர் முழுக்கச் சத்தியம் செய்யும்.

"நெஜம்" என்றான்.

"அப்போ அழுதது நீயா?"

"ஆமா."

ஊசி இறங்கியது. அவன்தான் 'ஸ்' என்றான். தர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"இன்னிக்கு அழலியே" என்றாள்.

"இல்ல."

"சரி" என்று மறு காதைக் காட்டினாள்.

தனலக்ஷ்மி குனிந்து மகளின் காதில் மஞ்சள் வைத்தாள். கையில் மிச்சமிருந்த மஞ்சளை அண்ணனின் மூக்கில் துடைத்தாள். பிறகு எல்லோருக்கும் இலை போடப்பட்டது. பிங்கியைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் தர்ஷினி இரண்டு கோழிக்கால் தின்றாள்.

சாயங்காலம் புறப்படும்போதுதான் சண்முகம் கயிற்றைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்த ஊருக்கு ஒரு அம்மன் கிடா போதும்ப்பா. இத நீங்களே ஓட்டிக்கினு போங்க. எங்கண்ணன் இந்த வருஷம் பீன்ஸ் போட்டிருக்காரு."

பஸ் ஸ்டாப்பில் அண்ணனும் தங்கையும் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"ஆடு என்துன்னு ஊரறியச் சொன்னியே, நீயே ஓட்டிக்கினு போ" என்றாள் தனலக்ஷ்மி.

"லிங்கராஜபுரத்துல மாடி வீடுடீ. எலிசபெத் ஆன்ட்டி ரேடியோக்கே..."

"எங்கூட்டுல மட்டும் எடம் இருக்குதா?"

"கேட்டது உம்பொண்ணு."

"குடுக்கலன்னது நீயி."

"ஆட்டப் பழக்கறதுல நீதான கெட்டிக்காரி?"

"இப்போ மட்டும் ஞாபகம் வருதா?"

ஆனேக்கல் போகிற பிரைவேட் பஸ் வந்து, முழுதாக நிற்காமல் உறுமியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஆட்டைப் பார்த்தார். "யார்து இது? யாரு டிக்கெட் வாங்கறீங்க? பேகா, பேகா, சீக்கிரம்!"

இளங்கோவன் தனலக்ஷ்மியைக் காட்டினான். தனலக்ஷ்மி இளங்கோவனைக் காட்டினாள்.

"என்து" என்றாள் தர்ஷினி. சிவந்த காதுகளோடு கயிற்றை இருவர் கையிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு, பிங்கியை முன்னால் தள்ளிப் பஸ்ஸில் ஏறினாள். பஸ் நகர்ந்தது. இளங்கோவன் வாழ்க்கையில் முதல் முறையாக, ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறினான்.